மண்ணில் புதைத்த தாழிகள்
(வானொலியில் ஒலிபரப்பான உரை)



பலிபீடத்தில் அப்பத்தோடு திராட்சை இரசத்தையும் ஒப்புக்கொடுக்கிறோம். அந்த இரசம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத் திருச்சபை மிகச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்தியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 924ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். இரசம் இயற்கையானதாக இருக்க வேண்டும், திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். குருமடத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அப்பத்துக்குக் கோதுமைதானா, இரசத்தில் எத்தனை துளி தண்ணீர் என்று வகுப்பில் கேள்விகள் எழும். ‘இயற்கையானது’ என்ற சொல்லின் அருகில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

அந்த ஒரு சொல்லுக்காக ஒரு நாடு ஏறத்தாழ நூறாண்டுகள் அல்லாடியிருக்கிறது. அந்த நாட்டின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஜார்ஜியா. அமெரிக்காவில் இதே பெயரில் ஒரு மாநிலம் உண்டு. நான் சொல்வது அதை அல்ல. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைகளின் தெற்குச் சரிவில், துருக்கிக்கும் இரஷ்யாவுக்கும் இடையே கிடக்கும் சிறிய நாடு. மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர் உண்டு. புனித இரண்டாம் யோவான் பவுல் 1999இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2016இலும் அங்கே போய் வந்தார்கள்.

தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே இரண்டு மண்மேடுகளைத் தோண்டிய ஆய்வாளர்களுக்குப் பழைய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்த கறையைச் சோதித்தபோது திராட்சை இரசத்துக்குரிய அமிலங்கள் தெரிந்தன. அந்த ஓடுகளின் வயது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள். 2017இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, உலகத்திலேயே மிகப் பழைய திராட்சை இரசத் தடயம் ஜார்ஜியாவில்தான் இருக்கிறது என்று அறிஞர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆபிரகாம் ஊர் நகரை விட்டுக் கிளம்பிய காலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே இவர்கள் திராட்சையைப் பிழிந்து பானையில் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பானைக்கு இன்றைய பெயர் குவெவ்ரி. நம் ஊர் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் சட்டென்று பிடிபடும். முட்டை வடிவம், அடி கூர்ந்து இருக்கும். பெரியவற்றில் சில ஆயிரம் லிட்டர் பிடிக்கும், ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவலாம். சக்கரத்தில் வைத்து வனைய முடியாத அளவு. களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையத்தின் மேல் வளையமாகக் கையாலேயே எழுப்புகிறார்கள். கீழ் வளையம் கொஞ்சம் காய்ந்தால்தான் அடுத்ததைத் தாங்கும். ஆகவே ஒன்றைக் கட்டி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். சூளையில் சுட்டெடுத்து, சூடு முழுவதும் ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். பிறகு கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஒருமுறை புதைத்தால் தலைமுறைகளுக்கு அது அங்கேதான்.

இலையுதிர் காலத்தில் அறுவடை. மரத்தைக் குடைந்து செய்த தொட்டியில் பழங்களைப் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். விவிலியத்தில் திராட்சை ஆலை என்று வாசிக்கிறோமே, ஏறத்தாழ அதேதான். நாட்டின் கிழக்கே கக்கேத்தி என்ற பகுதியில் சாற்றை மட்டும் தாழியில் ஊற்றுவதில்லை. தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தின் தோலில் ஒட்டியிருப்பதும் அந்தக் கிடங்கிலேயே குடியிருப்பதும் போதும், தானாகவே நுரைத்துப் பொங்கும். மேலே எழும்பும் தோலை ஒரு நாளைக்குப் பலமுறை கோலால் கீழே அமுக்கிவிட வேண்டும். பொங்கி அடங்கியதும் கல்லால் மூடி, களிமண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுதும் அது மண்ணுக்குள் இருக்கும். மேலே பனி கொட்டினாலும் கீழே நிலத்தின் சூடு அதிகம் ஏறாது, இறங்காது. விதைகள் கூரிய அடிப்பகுதியில் போய்த் தங்க, அவற்றின் மேல் தோல் படிந்து மூடிக்கொள்ள, இரசம் தானே தெளிந்து மேலே நிற்கும். ஐந்தாறு மாதம் கழித்து வசந்த காலத்தில் திறக்கிறார்கள். பச்சைத் திராட்சையில் செய்ததுகூடத் தோலோடு கிடந்ததால் தேன் நிறம் ஏறி வரும். அதைக் குடித்துப் பழகாத வெளிநாட்டார் முதலில் முகம் சுளிப்பார்களாம், அத்தனை துவர்ப்பு.

கிறிஸ்தவம் இந்த நாட்டுக்கு வந்தபோது திராட்சைக் கொடியோடு சேர்ந்தே வந்தது. 4ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பதோக்கியாவிலிருந்து நீனோ என்ற பெண் வந்து நற்செய்தி அறிவித்தார். அரசர் மிரியான் மனம் மாறினார். நீனோ கையில் வைத்திருந்த சிலுவை, இரண்டு திராட்சைக் கொடிகளைத் தம் தலைமுடியால் கட்டிச் செய்தது என்பது மரபு. கொடி என்பதால் குறுக்குக் கைகள் இரண்டும் நேராக நிற்காமல் தொங்கும். இன்றும் ஜார்ஜியச் சிலுவை அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சிலுவையைத் திபிலிசியின் சியோனி பேராலயத்தில் காத்து வருகிறார்கள். நீனோவை நம் திருச்சபையும் புனிதராக வணங்குகிறது. அவருடைய கல்லறை கக்கேத்தியில், சிக்னாகி என்ற மலையூருக்குப் பக்கத்தில் போத்பே என்னும் இடத்தில் இருக்கிறது. சிக்னாகி என்ற பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் அங்கே போவோம்.

வீட்டுக்கு வீடு தாழிகள் புதைத்த கிடங்கு உண்டு, மரானி என்பார்கள். வசதியுள்ள வீட்டில் பல தாழிகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் ஒதுக்கி வைப்பார்கள். அதில் உள்ள இரசத்துக்கு செதாஷே என்று பெயர். அது ஆலயத்துக்கும் திருவிழாவுக்கும் இறந்தோர் நினைவுக்கும் உரியது. விருந்தாளி எத்தனை பெரியவராக வந்தாலும் அந்தத் தாழியைத் திறக்க மாட்டார்கள். நம் ஊரில் முதல் நெல்லை ஆலயத்துக்கு என்று தனியே அளந்து வைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அதே மனம்தான்.

இந்தக் கொடிகளை அழிக்க முயன்றவர்கள் பலர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் கக்கேத்திமேல் படையெடுத்தார். ஊர்கள் காலியாயின. பெருந்தொகையான மக்கள் ஈரானுக்குப் பிடித்துச் செல்லப்பட்டனர், திராட்சைத் தோட்டங்கள் வெட்டப்பட்டன. கக்கேத்தியின் அரசி கெத்தெவான் ஷிராஸ் நகரில் சிறை வைக்கப்பட்டார். கிறிஸ்துவை மறுக்கச் சொன்னபோது அவர் இணங்கவில்லை. 1624இல் சித்திரவதை செய்து கொன்றார்கள். இங்கே நம் நாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. ஷிராசில் இருந்த போர்த்துக்கீசிய அகுஸ்தீன் சபைத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றை எடுத்து வந்து, பழைய கோவாவில் தங்கள் மடத்தில் வைத்தார்கள். மடம் இடிந்து போயிற்று. இடிபாடுகளில் கிடைத்த எலும்பை ஐதராபாத்தின் ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்து, அது அரசியுடையதாகவே இருக்கலாம் என்று சொன்னார்கள். 2021 ஜூலையில் இந்திய அரசு அந்தத் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. ஆர்த்தடாக்ஸ் அரசி ஒருவருடைய எலும்புகளைக் கத்தோலிக்கத் துறவிகள் இத்தனை தூரம் சுமந்து வந்தார்கள் என்பதைப் பங்கு மக்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

வெட்டிய கொடிகள் மீண்டும் தளிர்த்தன. படையெடுப்புகளைத் தாங்கிய தோட்டங்களுக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்த ஆபத்து வேறு விதமானது. சோவியத் ஆட்சியில் நிலம் கூட்டுப் பண்ணைகளுக்குப் போயிற்று. திராட்சை அரசு ஆலைகளுக்குப் போயிற்று. அந்தப் பெரிய ஒன்றியம் முழுவதற்கும் இரசம் வேண்டும். நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும், ஒரே சுவையில் வேண்டும். ஆகவே எந்தக் கொடி அதிகம் காய்க்குமோ அதையே நட்டார்கள். ஜார்ஜியாவின் தாவர அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பெரிய நூலில் நாட்டுத் திராட்சை வகைகள் 525 என்று பட்டியல் இட்டிருந்தார்கள். தோட்டங்களிலோ ஒரு கை விரல்களால் எண்ணக்கூடிய சில வகைகளே நிறைந்தன. பச்சைத் திராட்சையில் ர்காட்சிதெலி. அந்தப் பெயருக்குச் சிவந்த தண்டு என்று பொருள். கறுப்பில் சப்பெராவி, சாயம் போடுவது என்று பொருள், பழத்தின் சதைகூடச் சிவந்திருக்கும். இரண்டும் நல்ல நாட்டு வகைகள்தாம். ஆனால் மீதி 500க்கும் மேற்பட்டவை? சில வேலியோரத்தில் மரத்தில் படர்ந்து கிடந்தன. சில ஆராய்ச்சிப் பண்ணையில் வரிசைக்கு ஒரு கொடியாக நின்றன. சில போயே போய்விட்டன.

ஆலைகளில் தாழி கிடையாது. இரும்புத் தொட்டி, வாங்கிய ஈஸ்ட், வடிகட்டி, தேவைப்பட்டால் சர்க்கரை. தரம் குறைந்தால் யார் கேட்பது? ஆலயங்கள் மூடப்பட்டிருந்தன, கக்கேத்தியின் அலவெர்தி மடத்துத் துறவிகளின் பழைய மரானி பாழடைந்து கிடந்தது. பிறகு 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார். குடியால் அந்நாட்டுக் குடும்பங்கள் சீரழிந்தது உண்மை. அவர் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரிகள் கணக்குக் காட்டுவதற்காகத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள். ஓட்கா குடிப்பவனைத் திருத்த ஓர் உழவனின் முப்பது வருடக் கொடியைப் பிடுங்கினால் யாருக்கு லாபம்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். சாமியார் வானொலியில் மதுவைப் புகழ்கிறாரே என்று யாராவது நினைக்கக்கூடும். குடியால் தாலியை இழந்த பெண்கள் நம் பங்குகளில் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் செபம் சொல்லியிருக்கிறேன். ஜார்ஜியாவிலும் அளவு மீறுகிறவர்கள் உண்டு. ஆனாலும் அவர்கள் விருந்தில் ஒரு முறை இருக்கிறது. தமதா என்று ஒருவர் தலைமை ஏற்பார். அவர் எழுந்து கடவுளுக்கும் சமாதானத்துக்கும் இறந்து போனவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகுதான் கிண்ணம் உயரும். தனியே மூலையில் உட்கார்ந்து குடிப்பதற்கு அந்த மேசையில் இடம் இல்லை. கானாவூரிலும் மேசை இருந்தது, பந்தி மேற்பார்வையாளர் இருந்தார்.

சோவியத் காலம் முழுதும் அரசு விட்டு வைத்த ஓர் இடம் உண்டு. வீட்டுக் கொல்லை. கூட்டுப் பண்ணையில் வேலை செய்தவருக்குத் தம் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. பகலில் அரசுத் தோட்டத்தில் டன் கணக்கில் பறித்துக் கொடுத்தவர்கள், மாலையில் தங்கள் கொல்லைக் கொடியைக் கவனித்தார்கள். அந்தப் பழத்துக்கு உரமோ மருந்தோ தேடிப் போகவில்லை. தங்கள் பிள்ளைகள் குடிக்கப்போகும் இரசம் அது. பாட்டன் புதைத்த தாழியிலேயே ஊற்றினார்கள். ஆலைக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை. எழுபது வருடம் இந்த இரட்டை வாழ்க்கை. அரசு ஆவணங்களில் இடம்பெறாத இந்தக் கொல்லை வேலையால்தான் தாழியும் முறையும், பல நாட்டு வகைகளும் பிழைத்தன என்று நான் துணிந்து சொல்வேன். பேராசிரியர்களின் பட்டியல் பெயர்களைக் காத்தது. பாட்டிமார் கொடியைக் காத்தார்கள்.

1991இல் விடுதலை வந்தது. வறுமையும் கூடவே வந்தது. வாங்கும் பழக்கத்தினால் இரஷ்யச் சந்தை மட்டும் நிலைத்தது. ஜார்ஜிய இரசத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. பெயர் பெற்ற வகைகளின் பெயரில் கலப்படமும் ஓடியது. 2006 மார்ச்சில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று காரணம் சொல்லி இரஷ்யா ஜார்ஜிய இரசத்தைத் தடை செய்தது. அரசியல் பகைதான் உண்மைக் காரணம் என்று ஜார்ஜியர் சொன்னார்கள். 2013 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. பல ஆலைகள் தள்ளாடின.

அந்தத் தடை விழுந்த காலத்தை ஒட்டித்தான் சிக்னாகியில் ஒரு சிறிய ஒயின் கூடம் பிறந்தது. ஜான் வர்டமன் என்ற அமெரிக்க ஓவியர் ஜார்ஜியர்களின் பல்குரல் பாடல்களில் மனம் பறிகொடுத்து அங்கே வந்து குடியேறியிருந்தார். ஒரு நாள் திராட்சைத் தோட்டத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். கெலா பத்தலிஷ்விலி என்பவர் டிராக்டரில் வந்து நின்று, சாப்பிட வீட்டுக்கு வா என்று அழைத்தார். எட்டுத் தலைமுறையாகத் திராட்சை வளர்க்கும் குடும்பத்தவர் அவர். பாட்டுக்காக இவ்வளவு தூரம் வந்தவன், பாட்டு எந்த மேசையில் பிறந்ததோ அந்த மேசையின் இரசம் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பது அவருடைய வாதம். 2007இல் இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். பெயர் ‘செம்போத்தின் கண்ணீர்’ என்று நாம் வைத்துக்கொள்ளலாம். மூலத்தில் அது நம் ஊரில் இல்லாத ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி இனப் பறவை. அளவுக்கு மிஞ்சிய நல்ல இரசத்தைக் குடித்தால்தான் அந்தப் பறவை மகிழ்ச்சிக் கண்ணீர் விடும் என்று அங்கே ஒரு கதை.

அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கொல்லையில் நடந்ததைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரசாயன உரம் இல்லாத தோட்டம், நாட்டு வகைகள் மட்டும், மண்ணில் புதைத்த தாழி, பழத்தோடு வந்த ஈஸ்ட். ர்காட்சிதெலி, சப்பெராவியோடு நிற்காமல் கிசி, சினூரி, தாவ்க்வேரி, ஷவ்கப்பித்தோ என்று ஏறத்தாழ மறந்துபோன வகைகளைத் தனித்தனியே புட்டியில் அடைத்துப் பெயர் எழுதினார்கள். இவர்களுக்குச் சில வருடம் முன்பே, 2003இல், சோலிகோ ட்சாயிஷ்விலியும் அவருடைய நண்பர்களும் ‘நம் திராட்சை இரசம்’ என்ற பெயரில் இதே வழியில் இறங்கியிருந்தார்கள். சோலிகோ 2018இல் காலமானார். அவரைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான சிறு குடும்பங்கள் இன்று தங்கள் சொந்தப் பெயரில் புட்டி போடுகின்றன. அலவெர்தி துறவிகளும் தங்கள் மரானியைச் சீர்செய்து மீண்டும் தாழிகளை நிரப்பினார்கள். 2013 டிசம்பரில் யுனெஸ்கோ குவெவ்ரி முறையை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இயற்கை என்றால் சும்மா விட்டுவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி விட்டால் கிடைப்பது காடிதான். தாழிக்குள் ஆள் இறங்கி, செரி மரப் பட்டையில் செய்த தேய்ப்பானால் உட்சுவரைத் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும். முந்தைய ஆண்டின் பிசுக்கு ஒரு மூலையில் தங்கினாலும் அடுத்த ஆண்டின் இரசம் முழுதும் பாழ். பழத்தைத் தேர்ந்து பறிக்க வேண்டும், அழுகியதை ஒதுக்க வேண்டும். மருந்து போட்டுச் சரிசெய்கிற வழி இல்லாதவனுக்குத் தொடக்கத்திலேயே சுத்தம் வேண்டும். சட்டத்தின் மூன்றாவது நிபந்தனை, கெட்டுப்போகாதது என்பது, இப்படித்தான் முதல் நிபந்தனையோடு கைகோக்கிறது. தோட்டத்தில் பூஞ்சை வந்தால் அவர்களும் கந்தகமும் தாமிரமும் தெளிக்கிறார்கள். இயற்கை வேளாண்மை அதை அனுமதிக்கிறது. இதைச் சொல்லாமல் மறைத்து அவர்களை வானதூதர்கள் ஆக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். ஜார்ஜியா இன்று ஏற்றுமதி செய்யும் இரசத்தில் தாழியில் பிறந்தது மிகச் சிறிய பங்கு. பெருவாரி இன்றும் எஃகுத் தொட்டியில்தான் ஆகிறது. தடை நீங்கிய பிறகு இரஷ்யாவே மறுபடியும் முதல் வாடிக்கையாளர். மேற்கு நாட்டு உணவகங்களில் தேன் நிற இரசம் ஒரு மோகமாகி, விலையும் ஏறிவிட்டது. அதைச் செய்த கிராமத்தார் கடையில் அந்த விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தேவையும் இல்லை, வீட்டில் தாழி இருக்கிறதே.

சிக்னாகியில் அந்தக் கூடத்தார் 400க்கும் மேற்பட்ட நாட்டு வகைகளை ஒரே தோட்டத்தில் நட்டிருக்கிறார்கள். அரசின் ஆராய்ச்சிப் பண்ணையும் திபிலிசிக்கு அருகே ஜிகவுரா என்ற இடத்தில் கன்றுகளை வளர்த்து உழவர்களுக்குத் தருகிறது. கொடிகள் கிடைக்கின்றன, தாழிதான் கிடைப்பதில்லை. குவெவ்ரி கட்டத் தெரிந்த குடும்பங்கள் கக்கேத்தியின் வர்திசுபானியிலும், மேற்கே இமெரெத்தியின் ஷ்ரோஷா, மக்கத்துபானி ஊர்களிலும், குரியாவின் அத்சானாவிலும் கொஞ்சமாக மிஞ்சியிருக்கின்றன. வெளிநாடுகளிலிருந்தும் இப்போது தாழி கேட்டு வருகிறார்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும், ஒரு வளையம் காயாமல் அடுத்த வளையத்தை அந்தக் குயவர் வைப்பதில்லை.